சிங்கப்பூரில் முதல் நாள்: ராத்திரி விமானத்தில் வந்திறங்கும் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் நாங்கள் ஐந்து பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போனோம். நான், என் கணவர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், முட்டிவலிக்காரரான மாமியார். மாமியார் சுத்த சைவம். போவதற்கு முன் எத்தனையோ பயணத் திட்டங்களைப் படித்தேன். எல்லாமே "காலையில் மெர்லயன், மதியம் சென்டோசா, இரவு மரினா பே" என்று ஓடின. ராத்திரி முழுக்கத் தூங்காத நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி ஓட முடியாது என்பதை யாரும் எழுதவில்லை. காலை எட்டு மணிக்குப் போய் இறங்கினால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் ஓட்டல் அறை கிடைக்கும் என்பதையும் எழுதவில்லை.

நடுவே உள்ள அந்த ஏழு மணி நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் முதல் நாளின் முழுக் கேள்வி. பணம் கட்டிப் பார்க்கும் எந்த இடத்தையும் அன்றைக்கு வைக்காதீர்கள். காலையில் ஓரிடம், மதியம் தூக்கம், மாலையில் ஓரிடம். அது போதும்.

1. கிளம்புவதற்கு முன்: விசாவும் வருகை அட்டையும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விசா மின்னஞ்சலில் வரும், அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவையானவை: ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த புகைப்படம். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி. (சிங்கப்பூரில் டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) அதற்கு மேல் முகவர் தன் கூலியைச் சேர்ப்பார், ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதால் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். விசா மறுக்கப்பட்டாலும் அரசுக் கட்டணம் திரும்ப வராது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், ஆனாலும் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். புகைப்படம் சரியில்லை என்று எங்களுக்கு ஒரு முறை திரும்பி வந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டில் குறுகிய சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கு விசா வேண்டியதில்லை.

வருகை அட்டை வேறு. சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் தங்கள் விவரத்தைத் தரும் இணையப் படிவம் அது. விசா கிடைத்தவர்களும் அதை நிரப்பியே ஆக வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் நிரப்ப முடியாது. குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் ஒன்று.

இங்கேதான் முதல் பொறி. வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பணம் வாங்கும் தளங்களும் இருக்கின்றன. பார்ப்பதற்கு அரசுத் தளம் போலவே இருக்கும். அப்படி ஒன்றில் நான் ஐந்து பேருக்கும் பணம் கட்டிவிட்டேன், திரும்பக் கிடைக்கவில்லை. சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். முகவரி அரசுக்குரிய முடிவோடு இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அட்டை எண் கேட்கிறதென்றால் தவறான தளத்தில் இருக்கிறீர்கள், உடனே மூடிவிடுங்கள்.

2. பெட்டியில் எதை எடுக்கக் கூடாது

கசகசாவை எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலா அரைத்து எடுத்துப் போகிறவர்கள் அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். மெல்லும் புகையிலை, மின் சிகரெட், சூயிங்கம் மூன்றுக்கும் தடை. சாதாரண சிகரெட்டுக்கும் ஒரே ஒரு பெட்டியானாலும் வரி உண்டு. நம்மூரிலிருந்து இறைச்சி வகை எதையும் கொண்டுபோக முடியாது. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு எடுத்துப் போனோம், தொல்லையில்லை. பெரியவர்களின் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன் அனுமதி தேவைப்படலாம்.

இன்னொரு சின்ன விஷயம்: அங்கே பிளக் மூன்று சதுர முனை. நம் வட்ட முனை சார்ஜர் நுழையாது. மாற்றுச் செருகியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், முதல் நாள் பை என்று ஒன்றைத் தனியாகக் கட்டுங்கள். எல்லாருக்கும் ஒரு மாற்றுடை, சிறு துண்டு, பல் தேய்க்கும் சாமான், மாத்திரை, குடை, காலித் தண்ணீர் பாட்டில், நிறைய டிஷ்யூ. பெரிய பெட்டிகள் மூன்று மணி வரை ஓட்டல் வரவேற்பறையில் பூட்டிக் கிடக்கும். அதிலிருந்து ஒரு பனியனைத் தேடி எடுப்பதற்கு, நடைபாதையில் பெட்டியைப் பரப்ப வேண்டியிருந்தது எங்களுக்கு.

3. பணமும் அட்டையும்

நம்மூர் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறக்க வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள், "தொட்டுப் பணம் செலுத்துதல்" என்பதற்கு வெளிநாட்டுக்கெனத் தனிப் பொத்தான் இருக்கும். அதையும் திறந்தால்தான் ரயிலில் அட்டை வேலை செய்யும். விமானம் ஏறுவதற்கு முன் செய்துவிடுங்கள். அங்கே போனபின் ஓடிபி வரவில்லை என்றால் திண்டாட்டம்.

கையில் 150 வெள்ளி ரொக்கம் ஊரிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உணவங்காடியில் (சிறு சாப்பாட்டுக் கடைகள் பல ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்) சில கடைகள் ரொக்கம் அல்லது உள்ளூர்க் கைபேசிப் பணத்தை மட்டுமே வாங்கும். மீதியை லிட்டில் இந்தியா என்ற இந்தியர் வட்டாரத்தில் மாற்றலாம், அங்கே முஸ்தபா என்ற பெரிய கடைப் பக்கம் நாணய மாற்றுக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள்.

4. சாங்கி விமான நிலையம்: வெளியே வர எவ்வளவு நேரம்

ஆறு வயது நிரம்பிய வெளிநாட்டவர்கள் தானியங்கிக் கதவு வழியாகவே போகலாம். அதற்குக் கீழுள்ள குழந்தையோடு போகிறவர்கள் அதிகாரி இருக்கும் முகப்புக்குப் போக வேண்டும். குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். இறங்கியதிலிருந்து பெட்டி கைக்கு வர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வெளியே வந்ததும் பிள்ளைகள் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்திலுள்ள 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியைப் பார்க்கத் துடிப்பார்கள். காலையில் போகாதீர்கள். பத்து, பதினொரு மணிக்கு முன் அதில் தண்ணீர் விழாது. திரும்பும் நாளில் நான்கு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் வந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். பார்க்கக் கட்டணமில்லை.

5. ஊருக்குள் போவது: நீலப் பாதையை நினைவில் வையுங்கள்

லிட்டில் இந்தியா பக்கம் அறை எடுங்கள். சைவச் சாப்பாடு நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும் என்பது முதல் காரணம். ரயில் இரண்டாவது காரணம். டவுன்டவுன் பாதை என்ற நீல நிற ரயில் பாதை ஒன்று இருக்கிறது. லிட்டில் இந்தியா, மரினா பே விரிகுடாவுக்கு இறங்கும் பேஃப்ரண்ட், சைனாடவுன் மூன்றும் அந்த ஒரே பாதையில்தான். சாங்கியிலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலப் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வரை வேறு மாற்றமே கிடையாது. தனா மேரா நிலையம் வழியாகப் போகச் சொல்வார்கள், அதில் இரண்டு முறை மாற வேண்டும். பெட்டி, குழந்தை, முட்டிவலி எல்லாம் சேர்ந்து இருக்கும்போது பத்து நிமிடம் மிச்சமாவதைவிட ஒரு மாற்றம் குறைவது மேல். எல்லா நிலையத்திலும் மின்தூக்கி உண்டு.

கட்டணம் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு வெள்ளி. டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, வங்கி அட்டையை வாசலில் தொட்டால் போதும். இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை:

ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். கணவர் தொட்டுவிட்டு அதே அட்டையைப் பின்னால் நீட்டினால் கதவு திறக்காது. எங்களிடம் இரண்டு வங்கி அட்டைகள்தான் வேலை செய்தன, மற்ற இருவருக்கும் ஈசி லிங்க் என்ற உள்ளூர்ப் பயண அட்டை வாங்கினோம். ஒன்று 10 வெள்ளி, அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, திரும்ப வராது. மீதி 5 பயணத்துக்கு.

நுழையும்போது எந்த அட்டையைத் தொட்டீர்களோ அதையே வெளியேறும்போதும் தொடுங்கள். கைபேசியில் தொட்டு நுழைந்து, அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையைத் தொட்டு வெளியேறினால் இரண்டும் வேறு வேறு என்றே கணக்காகும். கட்டணம் கூடுதலாகப் பிடிப்பார்கள். வெளிநாட்டு வங்கி அட்டைக்கு நாளொன்றுக்கு 60 காசு (சென்ட்) தனியாகவும் போகும்.

90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு அட்டை தேவையில்லை. அதைவிட உயரமாக, ஆனால் ஏழு வயது ஆகாமல் இருக்கும் பிள்ளைக்குச் சலுகை அட்டை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி டிக்கெட் அலுவலகத்தில் கேளுங்கள்.

ரயிலில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீர்கூடத்தான். 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பிஸ்கட்டைப் பிள்ளை கையிலிருந்து முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

கார்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளைச் செயலி வழியாக வரும் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்றக் கூடாது, சட்டம் அப்படி. ஒரு காரை வரவழைத்துவிட்டு, ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்து மறுத்துவிட, பெட்டிகளை மறுபடி இறக்கினோம். அவர் மீது தவறில்லை, அபராதம் அவருக்குத்தான். சாதாரண டாக்சிக்கு இந்த விதி கிடையாது. டாக்சி வரிசையில் நின்று ஏறுங்கள். ஆனால் டாக்சியில் நான்கு பேர்தான், கைக்குழந்தையும் ஒரு தலை. ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி கேட்க வேண்டும். ஊருக்குள் போக 25 முதல் 40 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவுக்குப் பிறகு மீட்டரில் பாதி கூடும்.

6. பத்து மணி: பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் தேக்கா

ஓட்டலுக்கு இரண்டு நாள் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, அறை முன்னதாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சில இடங்களில் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். வயதானவர் இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம், என் கருத்து அதுதான். கிடைக்காவிட்டால் பெட்டியை வைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் இலவசம். அங்கேயே கழிவறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் சாப்பாடு தேக்கா என்ற சந்தைக் கட்டடத்தின் உணவங்காடியில். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. தோசை, ஆப்பம், பராட்டா, பிரியாணி எல்லாம் உண்டு. தமிழிலேயே கேட்கலாம். எங்கள் ஐந்து பேருக்கும் காலைச் சாப்பாடு 22 வெள்ளி ஆனது. புதியவர்களுக்கு அங்கே சில நடைமுறைகள் விளங்காது, அதனால் சொல்கிறேன்.

மேசை மேல் டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால் அது யாரோ பிடித்த இடம். எடுத்து ஓரம் வைக்காதீர்கள். நீங்களும் அப்படியே இடம் பிடிக்கலாம். கடைக்காரர் டிஷ்யூ தரமாட்டார், அதனால்தான் நிறைய எடுத்துப் போகச் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். முதல் முறை எச்சரிப்பார்கள், மறுபடி விட்டால் 300 வெள்ளி வரை போகும். தட்டு வைக்கும் அடுக்கு ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி. பலகையைப் பார்த்து வையுங்கள். திங்கட்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். அவ்வப்போது கழுவிச் சுத்தம் செய்வதற்காக உணவங்காடி முழுவதையும் மூடுவார்கள், போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர் கேட்பதற்கும் ஒரு மொழி இருக்கிறது. வெறும் "தே" என்றால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய டீ, நம் நாக்குக்குப் பாயசம் போல இருக்கும். "தே ஓ" பால் இல்லாதது, சீனி உண்டு. "தே சி" இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சீனியும். "கோசோங்" சேர்த்தால் சீனி கிடையாது. "சியூ தாய்" என்றால் சீனி குறைவு, "பெங்" என்றால் ஐஸ். காப்பிக்கும் இதே வால்கள்தான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு "தே சி கோசோங்" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்து கொடுத்துவிடுங்கள். மாமியார் இரண்டாம் நாளே தனியாகப் போய் வாங்கி வந்துவிட்டார்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் சிப்பிச் சாறு, மீன் சாறு, பொடித்த இறால் உள்ளே இருக்கலாம். கீரைப் பொரியல் போலத் தோன்றும் சம்பல் காங்கோங்கில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் நேர்மையாகவே சொல்வார், அவர் கணக்கில் இறால் பொடி இறைச்சி அல்ல. "மீன், இறால், முட்டை எதுவும் கூடாது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். சீனர்களின் சைவக் கடைகளில் பல, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காதவை. அங்கே கோழி, வாத்து என்ற பெயரில் வைத்திருப்பது சோயாவிலும் கோதுமையிலும் செய்தது. முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் சிராங்கூன் சாலையில் மெதுவாக நடந்தால் சில நிமிடத்தில் வீரமாகாளியம்மன் கோயில். நண்பகல் வாக்கில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், அதனால் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். பூக்கடைகள், பல வண்ண வீடு, அந்தத் தெரு முழுக்கத் தமிழ்க் குரல். பிள்ளைகளுக்கு வேறு நாட்டுக்கு வந்ததே மறந்துபோகும். ஞாயிறு மாலை மட்டும் இந்தப் பக்கம் கூட்டம் மிக அதிகம். வாரம் முழுக்க உழைத்த நம்மூர்த் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது அன்றைக்குத்தான். குழந்தை வண்டி தள்ள இடமிருக்காது.

7. பன்னிரண்டரை முதல் ஐந்தரை வரை

வெயில் உச்சிக்கு வந்ததும் ஏசி உள்ள சைவ உணவகத்தில் உட்காருங்கள். 1924-லிருந்து இருக்கும் ஆனந்த பவன், 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் இரண்டுமே லிட்டில் இந்தியாவில்தான். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் சாப்பிடுங்கள். பொதுவாக ஒரு எச்சரிக்கை: உணவக விலைப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் வரும். 10 வெள்ளி என்று நினைத்தது 12 வெள்ளிக்குச் சற்றே குறைவாகப் போய் நிற்கும். உணவங்காடியில் பலகையில் போட்ட விலைதான் விலை. குடிதண்ணீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். பாட்டிலை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

அறை கிடைத்ததும் எல்லாரும் குளித்துவிட்டுத் தூங்குங்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு உண்மையாகவே தூங்குங்கள். "கொஞ்ச நேரம் முஸ்தபாவுக்குப் போய் வந்துவிடலாமே" என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அந்தக் கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், இன்னொரு நாள் போகலாம். இந்த இரண்டு மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் மாலை நிகழ்ச்சியில் பிள்ளை தோளில் கிடக்கும்.

8. மாலை: பணமில்லாமல் பார்க்கும் இரண்டு ஒளிக் காட்சிகள்

ஐந்தரைக்கு எழுந்து இட்லி, சப்பாத்தி பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். மரினா பே பக்கம் விலையும் அதிகம், சைவமும் குறைவு. லிட்டில் இந்தியாவில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃப்ரண்ட். அங்கிருந்து கார்டன்ஸ் பை தி பே தோட்டத்துக்கு நிலத்தடி வழி இருக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்குச் சிறு கட்டணத்தில் ஊர்தி ஓடுகிறது, அதில் ஏற்றிவிடுங்கள்.

கண்ணாடிக் குவிமாடங்களுக்குத்தான் கட்டணம். 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் செயற்கை மரங்களின் தோப்புக்கு இலவசம். சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் மறையும். ஆறரைக்குப் போய் உட்கார்ந்து, பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தால் இருட்டத் தொடங்கும். 7:45-க்கு மரங்கள் இசைக்கேற்ப ஒளிரும், கால் மணி நேரம். ஒரு விரிப்பு கொண்டுபோய்த் தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது. எங்கள் மகன் அந்தக் கால் மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 8:45-க்கு இன்னொரு முறை நடக்கும், முதல் முறைக்கே போய்விடுங்கள்.

பிள்ளைகளுக்குத் தெம்பு இருந்தால் மெதுவாக நடந்து மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் நீர்க்கரைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு நீரும் ஒளியும் சேர்ந்த ஸ்பெக்ட்ரா காட்சி, அதற்கும் கட்டணமில்லை. எதிர்க்கரையில் மெர்லயன் சிலை சின்னதாகத் தெரியும். முதல் நாளுக்கு அந்தத் தூரத்துத் தரிசனமே போதும், விரிகுடாவைச் சுற்றிப் பெரியவர்களை நடக்கவைக்காதீர்கள். மழை, இடி என்றால் காட்சிகளை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

காட்சி முடிந்ததும் டாக்சி வரிசை நீளும். ரயில் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடும், அதிலேயே திரும்புங்கள்.

9. எங்களுக்கு ஆன செலவு

அறை வாடகை தவிர்த்து, ஐந்து பேருக்கும் முதல் நாள் ரயிலுக்கு 32 வெள்ளி (இரண்டு ஈசி லிங்க் அட்டை உட்பட), சாப்பாட்டுக்கு 105 வெள்ளி. தோட்ட ஊர்திக்குக் கொஞ்சம் சில்லறை. 150-க்குள் முடிந்தது.

இரவு படுக்கும் முன் கைபேசிகளை மின்னேற்றி, மறுநாள் டிக்கெட்டுகளைப் பதிவு செய்துவிட்டுப் படுங்கள். காலை பத்து மணிக்கு முந்தைய நேரத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, அங்கே காலை எட்டு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது ஊரின் ஐந்தரை மணி.